வெள்ளைப் பக்கம் வரக் கூடாது

என் தம்பி பெண்டாட்டிக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் வெள்ளைக்காரி. ஆள் என்னை மாதிரியே நல்ல கறுப்பு. பெயர் நிறத்தால் வந்ததில்லை. ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் சுவரில் திருகாணி போட்டு முடுக்கிய ஒரு டேப்லெட் இருக்கும், டேப் என்போம். அதில் குழாய்களின் டிராயிங் வர வேண்டிய இடத்தில் சில நேரம் வெறும் வெள்ளைப் பக்கம் வந்து நிற்கும். உடனே யாராவது போனை எடுத்து, "வெள்ளை வந்திருக்கு, வெள்ளைக்காரியைக் கூப்பிடு" என்று கத்துவார்கள். கத்துவது என் காதில். டெலிபோன் அறையில் உட்கார்ந்து லைன் கொடுப்பது நான்தான். என் வீட்டுப் பெண்ணை ஊரெல்லாம் அதிகாரம் பண்ணிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொன்னாலும் தப்பில்லை.

எங்கள் குழாய்களில் ஓடுவது காரத் திரவம். சோப்பு செய்கிறவர்களும் காகிதம் செய்கிறவர்களும் டேங்கர் லாரியில் வந்து வாங்கிப் போவார்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கையில் பட்டால் வழுக்கும். என்ன இப்படி வழுக்குகிறதே என்று நினைப்பதற்குள் மேல்தோல் போயிருக்கும்.

என் தம்பி அங்கே பம்ப் ஹவுஸில் ஃபிட்டர். ஒரு குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் அதில் திரவம் வராதபடி நடுவில் ஓர் இரும்புத் தகட்டைச் சொருகி அடைப்பார்கள். எந்தக் குழாயில் தகடு இருக்கிறது என்பதை ஷிப்ட் இன்ஜினியர் தன் கம்ப்யூட்டரில், டிராயிங்கின் மேல், சிவப்பில் குறித்துவைப்பார். தகடு இருப்பது உயரத்தில், குழாய்க் கூட்டத்துக்கு நடுவே. கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. டேபில் சிவப்பு இருந்தால் சாதாரணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழற்றலாம். சிவப்பு இல்லையென்றால் முழு முகமூடி இல்லாமல் பக்கத்திலேயே போகக் கூடாது. ஆக, என் தம்பியின் தோலும் கண்ணும் அந்த டேபில் என்ன தெரிகிறது என்பதை நம்பி இருந்தன. அதைத் தெரியவைப்பது அவன் பெண்டாட்டியின் வேலை. பக்கத்து வீட்டில் மாமியார் மருமகள் சண்டை, எங்கள் வீட்டில் இது.

அவள் படித்தது கொஞ்சம். கற்றது முழுக்க ஒரு டி.டி.பி. கடையில். மாணவர்களின் ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம் என்று எதையெல்லாமோ அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் தம்பி ஏதோ சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கப் போனான். அந்த ஒரே சான்றிதழை அவன் எத்தனை தடவை ஜெராக்ஸ் எடுத்தான் என்று நான் கேட்டபோது காது வரைக்கும் சிரித்தான். வீட்டுக்கு வந்த புதிதில் அவளை நான் ஏற இறங்கத்தான் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்தும்விட்டது. அதை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கே தெரியும்.

"பி.டி.எஃப்.னா எங்க திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்றாங்களே, அப்புறம் உனக்கு என்ன வேலை?" என்று ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"பேப்பர்ல அடிச்சா ஒரே மாதிரிதான்க்கா. பிரவுசர்ல திறந்தா ஒவ்வொண்ணும் அதது புத்திக்கு ஏத்த மாதிரி வரையும். எழுத்துருவைக் கூடவே வச்சு அனுப்பலைன்னா எழுத்து கட்டம் கட்டமாப் போயிடும். ஒரு டேப்ல டவுன்லோடு ஆகிட்டு கம்முன்னு இருக்கும். இன்னொண்ணுல பாதிப் பக்கம் வரும். ஒண்ணுமே புரியலைன்னா வெள்ளையைக் காட்டும்."

"சிவப்பு?"

"அதுதான்க்கா எனக்குப் பயம். சிவப்பை இன்ஜினியர் டிராயிங் மேல ஒட்டி வைக்கிறாரு, பொட்டு மாதிரி. அவர் கம்ப்யூட்டர்ல தெரியும். சில பிரவுசர் பக்கத்தை மட்டும் காட்டிட்டுப் பொட்டை விட்டுடும்."

அதற்கு அவள் ஒரு வழி செய்துவைத்திருந்தாள். இன்ஜினியர் சேமித்த கோப்பை அப்படியே டேபுக்கு அனுப்ப மாட்டாள். ஒட்டிய சிவப்பைப் பக்கத்தோடு பக்கமாகக் கரைத்து, பிரிக்க முடியாதபடி ஒன்றாக்கித்தான் அனுப்புவாள். அனுப்பிவிட்டு நம்பியும் விடமாட்டாள். அவள் மேஜை டிராயர் நிறைய பழைய டேப்கள் கிடக்கும். ஒன்றில் கண்ணாடி கீறல், ஒன்றில் பாதி பேட்டரி, எல்லாவற்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி எந்தப் பகுதியில் இருப்பதற்கு ஜோடி என்று எழுதியிருப்பாள். ஒவ்வொன்றிலும் திறந்து கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். வீட்டிலும் அதே கதைதான். கேஸை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால் தலையாட்டுவாள், நான் அந்தப் பக்கம் திரும்பியதும் போய் முடுக்கிப் பார்ப்பாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "ஏம்மா, நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்பேன். "நான் நம்பாதது உங்களை இல்லக்கா, அந்தத் திருகை" என்பாள்.

வெள்ளைப் பக்கம் மட்டும் அவளுக்கும் அடங்கவில்லை. டேப்கள் பழசு. அதில் இருக்கும் பிரவுசரைப் புதுசாக்கவும் முடியாது. இன்ஜினியர்களோ ஆளுக்கொரு மென்பொருளில் கோப்பைச் சேமிப்பார்கள். வெள்ளை வந்தால் ஃபிட்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு, அவளுக்கும் இன்ஜினியருக்கும் போன் போட்டு, இன்ஜினியர் இறங்கி வந்து கையால் காட்டும் வரைக்கும் நிற்க வேண்டும். பம்ப் நிற்கும், லாரி வரிசை சாலை வரைக்கும் நீளும், மேலாளருக்கு மண்டை காயும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒருநாள் அவளைக் கூப்பிட்டுவிட்டு, "என்ன செய்வியோ தெரியாதும்மா. திறந்தா ஏதாவது தெரியணும். வெள்ளை மட்டும் வரக் கூடாது" என்றார்.

அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழி இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றாள். கடைசியாக நன்றாகத் திறந்த டிராயிங்கை டேப் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும்படி செய்யலாம். புதுசு திறக்கவில்லையென்றால் வெள்ளைக்குப் பதில் அந்தப் பழசைக் காட்டும்.

"பழசா?" என்றான் என் தம்பி, சாப்பிட்டுக்கொண்டே.

"அதான் பிடிக்கலைங்க. பழசுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதிப் போடு. பெரிசா. எனக்குப் புரியற மாதிரி."

அவன் சாதாரணமாகச் சொன்னதுதான். அவள் கையில் உருட்டிய கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பழைய பிரதி காட்டப்படும்போது பக்கத்தின் தலையில் பட்டையாக மஞ்சள் அடித்து, 'இது பழைய பிரதி, கேட்காமல் தொடாதே' என்று எழுதிவிடுவதென்று முடிவு செய்தாள். மேலாளரிடம் போய், மஞ்சள் பட்டைக்குச் சம்மதித்தால்தான் செய்வேன் என்று கறாராகப் பேசினாள். அவர் உடனே சரி என்றார். டிராயரில் இருந்த டேப் ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே கெட்டுப்போன கோப்பை அனுப்பி, பட்டை வருகிறதா என்று பார்த்தாள். எல்லாவற்றிலும் பளிச்சென்று வந்தது. அன்றைக்கு வீட்டில் அவள்தான் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

என் போன் அடங்கிப்போனது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. காபி ஆறுவதற்குள் குடிக்க முடிந்தது. பிறகு எனக்கு ஒருமாதிரி ஆனது. இத்தனை பகுதி, இத்தனை டேப், ஒருவர்கூடக் கூப்பிடவில்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமா, கேட்கத் தோன்றவில்லை என்று அர்த்தமா? அவளிடம் சொன்னேன். "உங்களுக்கு வேலை இல்லைன்னா இப்படித்தான் யோசனை போகும்க்கா" என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். ஆனாலும் சத்தமில்லாத அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன்.

அந்த நாட்களில் ஒரு விடுமுறையன்று சாப்பாட்டு மேஜையில் என் தம்பி ஒரு கூத்து அடித்தான். பம்ப் ஹவுஸில் முழங்கை வரைக்கும் தடித்த ரப்பர் கையுறை. அந்தக் கையால் தொட்டால் டேப் மதிக்காது. கழற்றி மாட்ட நேரமாகும், வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர்கள் மூக்கால் தொடுகிறார்களாம். அவள் போனை மேஜையில் வைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கோழி கொத்துவது போல் மூக்கால் தட்டித் தட்டிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். திரையெல்லாம் மூக்குத் தடம்.

"காலையில ஒரு தடவை நம்ம பம்பைப் பெரிசாக்கி வச்சிட்டா சாயங்காலம் வரைக்கும் தொட வேண்டாம். ஆனா புது டிராயிங் வந்தா மறுபடி முழுப் பக்கத்துக்குப் போயிடுது. மறுபடி மூக்கு. பாரு, நுனியில தோலே தேஞ்சிருச்சு" என்று மூக்கை அவளிடம் நீட்டினான்.

அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூக்கைப் பிடித்துத் திருகினாள். மறுநாளே வேலைக்குப் போய் அதையும் சரிசெய்துவிட்டாள். டிராயிங் மாறினாலும் டேப் பெரிதாக்கிய இடத்திலேயே நிற்கும், நகராது. பம்ப் ஹவுஸ் மேஸ்திரி என் லைனில் வந்து, "உங்க வெள்ளைக்காரிக்கு எங்க மூக்கெல்லாம் நன்றி சொல்லுதுன்னு சொல்லுங்க" என்றார். லைன் கொடுத்தேன். அவள் சிரிப்பது என் காதில் விழுந்தது.

அது நடந்தது ஒரு வேலைநாள் காலை. வெயில் சுள்ளென்று இருந்தது. முந்தின நாள் இரண்டாம் பம்பின் குழாயில் இருந்த தகட்டை எடுத்து மூன்றாவதில் போட்டிருந்தார்கள். புதிதாக வந்த இன்ஜினியர் அதைத் தன் டிராயிங்கில் ஒழுங்காக மாற்றினார், ஒழுங்காகச் சேமித்தார். அவர் மென்பொருள் புதுசு. சேமித்ததில் ஏதோ ஒன்றைப் பம்ப் ஹவுஸ் டேபின் பழைய பிரவுசரால் படிக்க முடியவில்லை. முன்பென்றால் வெள்ளை வந்திருக்கும். என் போன் அடித்திருக்கும். என் தம்பி சுவரில் சாய்ந்து நின்று வேலை நின்றுபோனதற்கு யாரையாவது திட்டிக்கொண்டிருந்திருப்பான்.

அவள் கம்ப்யூட்டரில் எந்த டேப் பழசைக் காட்டுகிறது என்பது தெரியும். பம்ப் ஹவுஸ் பழசு என்று வந்ததை அவள் உடனே பார்த்திருக்கிறாள். மஞ்சள் பட்டை இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள், அதற்குள் கோப்பைச் சரிசெய்து அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தாள். பொறுப்பாகத்தான் உட்கார்ந்தாள். ஜோடி டேபை எடுத்துவைத்துக்கொண்டு, எது அடைக்கிறது என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, கரைத்து, திறந்து, மறுபடி கரைத்து, கடைசியில் திறக்கவைத்து அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

என் போன் அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு என் பலகையில் பம்ப் ஹவுஸ் விளக்கு எரிந்தது. சிரித்துக்கொண்டே எடுத்தேன். "என்ன, வெள்ளை வந்திருச்சா?" என்றேன்.

"ஆம்புலன்ஸ் சொல்லுங்கக்கா" என்றார் மேஸ்திரி. பின்னால் ஒருவன் அலறிக்கொண்டிருந்தான். அந்தக் குரலை நான் தொட்டிலில் கேட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவளுக்கு லைன் போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

நாங்கள் ஓடியபோது அவனைக் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர் அவன் இமைகளை விரித்துப் பிடிக்க, தண்ணீர் நேராகக் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. கழற்றிய குழாயிலிருந்து வந்த பீய்ச்சலில் சாதாரணக் கண்ணாடி தெறித்துப் போயிருக்கிறது. அவன் கால்கள் தரையை உதைத்த சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. நான் அவனிடம் ஓடினேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரில் இருந்த டேபைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதில் டிராயிங் தெளிவாக இருந்தது. இரண்டாம் பம்ப் திரை நிறையப் பெரிதாக, அவள் செய்துவைத்தபடியே, நகராமல் நின்றது. அதன் குழாயில் சிவப்பு இல்லை. அவள் சற்றுமுன் அனுப்பிய புதுப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. அது வரும்வரை அங்கே இருந்தது பழைய பக்கம், சிவப்பு வைத்த பக்கம். அந்தப் பழைய பக்கத்தில் மஞ்சள் பட்டையும் இருந்தது, உச்சியில். பம்பைப் பெரிதாக்கி வைத்திருந்த திரைக்கு வெளியே, யார் கண்ணுக்கும் எட்டாத இடத்தில். கண்ணாடி மேல் ஒரு மூக்குத் தடம் இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் அழவில்லை. "பட்டை மேல இருந்துச்சுக்கா" என்று என்னிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அதையே சொன்னாள். நான் அவளை ஓங்கி அறைந்துவிடுவேனோ என்று என் கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் அதே கைகளால் அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் மேஸ்திரியைக் கேட்டார்கள். "ஸ்கிரீன்ல தெளிவா இருந்துச்சு சார். ஒரு குறையும் இல்ல. இப்பல்லாம் வெள்ளையே வர்றதில்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டேப்கள் யாவும் தடையின்றி இயங்கின என்று எழுதிக்கொண்டு போனார்கள். படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ செய்தாள். கொஞ்ச நேரத்தில், என் இடத்தில் டெலிபோன் பார்க்கும் பெண் என் கைப்பேசியில் வந்துவிட்டாள். "அக்கா, பாதி டேப்ல வெள்ளை வந்திருக்கு, எல்லாரும் என்னைத் தின்னுடுவாங்க போல இருக்கு. அவங்ககிட்ட கேளுங்களேன்!"

கேட்டேன். பழைய பிரதிகள் எல்லாவற்றையும் டேப்களின் வயிற்றிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னாள். புதுசு வந்தால் வரும், வராவிட்டால் வெறும் பக்கம்தான்.

"மேலாளர் சத்தம் போடுவாரே?"

"போடட்டும்க்கா. வெள்ளையாவே இருக்கட்டும். வெள்ளையைப் பாத்தா யாரும் ஸ்பேனரை எடுக்க மாட்டாங்க."

கட்டுப் பிரிக்கும் நாளில் எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கன்னமும் கழுத்தும் வெந்து, புதுத்தோல் பளபளத்தது. அவள் அவன் வலது பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றாள். பேச வேண்டாம் என்று டாக்டர் சைகை காட்டியிருந்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பஞ்சை மெதுவாக எடுத்தார். இமைகள் ஒட்டியிருந்தன. ஈரத் துணியால் துடைத்தார். என் தம்பி கண்ணைத் திறந்தான். கருவிழி இருந்த இடத்தில் கறுப்பைக் காணோம், அவித்த முட்டை மாதிரி இருந்தது.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர், அவன் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிக்கொண்டே. "அவசரமில்ல. பாத்துச் சொல்லுங்க."

அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். எங்களைத் தாண்டிப் பார்த்தான். பயந்தால் அவனுக்குக் கிண்டல்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"வெள்ளை வந்திருக்கு சார்" என்றான். உதடு கோணியது. "வெள்ளைக்காரியைக் கூப்பிடுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. "யாரைக் கூப்பிடணும்?" என்று என்னைப் பார்த்தார்.

"நான் இங்கதாங்க இருக்கேன்" என்றாள் அவள்.